முத்திரை இல்லாத கல்

ஒரு ஊரில் ஓர் எண்ணெய்க் கடை இருந்தது. கடல் பக்கத்து ஊர். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கடைப் பலகையில் உப்பும் மணலும் வந்து உட்கார்ந்துவிடும். கடைக்காரர் பெயர் ஞானதுரை. நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் பின்கட்டில் இருக்கும் மரச்செக்கில் ஆட்டி, முன்கட்டில் வைத்து விற்பார்.

அந்தக் கடையில் ஒரு பித்தளைத் தராசு உண்டு. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும். இந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் கரண்டுத் தராசு வந்துவிட்டது. ஞானதுரை கடையிலும் ஒன்று இருக்கிறது, அது புண்ணாக்கு மூட்டைக்கு. எண்ணெய்க்கு மட்டும் பழைய தராசுதான். "முள்ளக் கண்ணால பாத்து வாங்கினாத்தான் சனங்களுக்கு மனசு ஆறும்" என்பார்.

தராசுக்குக் கீழே மரப்பலகையில் எடைக்கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிசையில் பெரியவர் ஐந்து கிலோக் கல். அவர் தலையில் அரசாங்க முத்திரை பளிச்சென்று தெரியும். மற்றக் கற்களுக்கும் முத்திரை உண்டு. அதிகாரி வந்து சோதித்துக் குத்திவிட்டுப் போவார்.

அந்த வரிசையில் சேராமல், ஓரமாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில், ஒரு கூழாங்கல் கிடந்தது. ஆற்றங்கரையில் பொறுக்கியது. உள்ளங்கையில் அடங்கும். அதற்கு முத்திரை கிடையாது. கடையில் அதற்குப் பாத்திரக்கல் என்று பெயர்.

அதன் வேலை இதுதான். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் தூக்குவாளியோடு வருவார்கள். ஞானதுரை வெறும் வாளியை ஒரு தட்டில் வைப்பார். மறு தட்டில் பாத்திரக்கல்லை வைத்து, கூடக் குறைய இருந்தால் ரெண்டு பொடிக்கல் போட்டு, முள்ளை நேராக்குவார். அதற்குப் பிறகுதான் எடைக்கல் ஏறும், எண்ணெய் இறங்கும். வாளியின் பாரத்தைப் பாத்திரக்கல் தாங்கிக்கொள்ளும். வாங்குகிறவர் எண்ணெய்க்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

முள் நேராக வந்த பிறகும் ஞானதுரை நிறுத்த மாட்டார். இன்னும் அரைக் கரண்டி ஊற்றுவார். எண்ணெய்த் தட்டு கண்ணுக்குத் தெரியத் தாழ்ந்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஐந்து கிலோக் கல்லுக்குப் பாத்திரக்கல்லைக் கண்டாலே ஓர் இளப்பம்.

"ஏல, உன் எடை எவ்வளவுன்னு உனக்காவது தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"ஒரு கணக்குலயும் உன் பேரு கெடையாது. எப்படித்தான் இருக்கியோ."

"வேலை இருக்கே அண்ணாச்சி. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரக்கல் சிரட்டைக்குள் படுத்துக்கொள்ளும்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. ஞானதுரையின் மகள் பெனிட்டா கடைக்கு வந்து அப்பா முன்னால் நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் உளவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை நாலு மணிக்குள் முதல் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நான் வேண்டாம்னு சொல்லல பெனி" என்றார் ஞானதுரை. "எடை போட்டுப் பாப்போம்னுதான் சொல்லுதேன்."

"போடுங்கப்பா."

"மனசப் படிக்கதுக்கு மதுரை வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம சொர்ணம் எண்ணெய் வாங்க வரும்போது அரைமணி நேரம் பக்கத்துல நின்னியானா ஊர் மனசு பூரா தெரிஞ்சிரும். பீசும் கெடையாது."

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற அவள் அம்மா கிரேஸ்மணி அடக்கவில்லை, சிரித்துவிட்டாள்.

ஞானதுரை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் செலவு. வலப்பக்கம் வரவு. செலவுக்குக் கீழே எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. கல்லூரிக் கட்டணம், விடுதி வாடகை, சாப்பாடு, உடுப்பு, போன் ரீசார்ஜ், சோப்பு. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக்கூட அவர் விடவில்லை. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் நாலு லட்சம்.

வரவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வைத்தார்.

"ஸ்டான்லி சித்தப்பா என்ன சொல்லுதான் தெரியுமா? அந்தப் படிப்ப மட்டும் படிச்சா ஆரம்பத்துல பதினஞ்சாயிரம் கெடைச்சாப் பெரிசாம். பேரு எழுதிப் போர்டு மாட்டணும்னா அதுக்கு மேலயும் படிக்கணுமாம்."

வரவுக்குக் கீழே பதினைந்தாயிரம் என்று ஒரே ஒரு வரி எழுதினார். பேனாவால் இரண்டு பக்கத்தையும் தட்டிக் காட்டினார்.

"இங்க நாலு லட்சம். இங்க பதினஞ்சாயிரம். முள்ளு எந்தப் பக்கம் சாயும்? நீயே சொல்லு. இந்த நாலு லட்சம் எதுக்குச் சேத்து வச்சதுன்னும் உனக்குத் தெரியும். ரெண்டாவது செக்கு வந்தா ரெண்டே வருஷத்துல போட்ட காசு திரும்பிரும். நீ இங்க இருந்து ஜவுளிக்கடையில பில் போடு. மாசம் எட்டாயிரம் தாராங்க. தபால்ல ஏதாவது ஒரு படிப்பு படி. யாரு வேண்டாங்கா?"

பெனிட்டா தாளைப் பார்த்தாள். அப்பா எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை. ஆனாலும் எதுவோ சரியில்லை என்று பட்டது. எது என்று சொல்லத் தெரியவில்லை. "சரிப்பா" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கடையை அடைத்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஞானதுரை தாளை ஐந்து கிலோக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். கதவைச் சாத்தும்போது கிரேஸ்மணி தராசைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். "ஆண்டவரே, கூட்டியும் காட்ட வேண்டாம், கொறைச்சும் காட்ட வேண்டாம். உள்ளது உள்ளபடி காட்டும்" என்று முணுமுணுத்தாள்.

கதவு சாத்தியதும் கடைக்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"எல்லாம் முடிஞ்ச கதை" என்றார் ஐந்து கிலோக் கல். "இந்தத் தாளே என் வயித்துக்கடியிலதான் கெடக்கு. முழுசாப் படிச்சுட்டேன். செலவு நாலு லட்சம், வரவு பதினஞ்சாயிரம். பிள்ளைக்குக் கடைதான்."

தாளிலிருந்து செலவு மெல்ல எழுந்து வெளியே வந்தது. தனியாக வரவில்லை. பெரிய கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. கட்டணம் முன்னால் நடந்தது. வாடகை, சோறு, உடுப்பு, சோப்பு எல்லாம் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தன. மொத்தக் கூட்டமும் தராசின் இடத் தட்டில் ஏறியது. தட்டு தடாலென்று இறங்கிப் பலகையில் முட்டியது.

அதற்குப் பின்னால் வரவு வந்தது. ஒல்லியான உருவம். கையில் ஒரு சின்னப் பை. வலத் தட்டின் ஓரத்தில் கூசிக் கூசி உட்கார்ந்தது. தட்டு அசையவே இல்லை.

"இவ்வளவுதானா நீ?" என்றது செலவு.

"இவ்வளவுதான்" என்றது வரவு.

சிரட்டைக்குள்ளிருந்து பாத்திரக்கல் எட்டிப் பார்த்தது. "தராசக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு தம்பி."

"கேக்க இவன் யாரு?" என்றார் ஐந்து கிலோக் கல். "முத்திரை இல்லாதவன்லாம் எடையப் பத்திப் பேச வந்துட்டான்."

"தட்டுல எடை ஏறினா யாரு வேணும்னாலும் கேக்கலாம்" என்றது தராசு. "நீ கேளு."

பாத்திரக்கல் செலவைப் பார்த்தது. "உன் கூட்டத்துல ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளை மதுரைக்குப் போகாம இங்கயே இருந்தாலும் வரக்கூடியவங்க யாரும் உண்டா?"

செலவின் கூட்டத்தில் சலசலப்பு. ஒன்றை ஒன்று பார்த்தன. சோறுதான் முதலில் கை தூக்கியது. "நான் எங்க இருந்தாலும் வருவேன். அங்க கொஞ்சம் வெலை கூடுதலா வருவேன், அவ்வளவுதான்."

"நானும்" என்றது சோப்பு. உடுப்பு தலையைச் சொறிந்தது. தலைக்கு எண்ணெய் ஒன்றுமே சொல்லாமல் இறங்கிப் போயிற்று. அது இந்தக் கடை எண்ணெய்தான்.

"நீங்கள்லாம் வாளி" என்றது பாத்திரக்கல். "எண்ணெய் இல்ல. வாளியையும் சேத்து எடை போட்டிருக்கு."

அவை இறங்கியதும் இடத் தட்டு கொஞ்சம் உயர்ந்தது. வரவுக்கு மூச்சு வந்தது. ஆனால் பாத்திரக்கல் அதோடு விடவில்லை.

"இன்னொரு ஆள விட்டுட்டீங்க. ஜவுளிக்கடைச் சம்பளம். மூணு வருஷமும் அது வீட்டுக்கு வராதுல்லா. அதுவும் செலவுதான். அதையும் ஏறச் சொல்லுங்க."

ஐந்து கிலோக் கல் திகைத்துப் போனார். "ஏல, நீ அந்தப் பிள்ளைக்காகத்தான பேசுத? அவளுக்கு எதிரா நீயே ஆள் கூட்டிட்டு வாரியே."

"எடைன்னா எடைதான் அண்ணாச்சி."

ஜவுளிக்கடைச் சம்பளம் ஏறியது. தட்டு மறுபடியும் இறங்கி, முன்னைவிடப் பலமாகப் பலகையில் முட்டியது. வரவு தலையைக் குனிந்துகொண்டது.

தராசு வரவிடம் கேட்டது. "நீ உண்மையச் சொல்லு. நீ ஒரு ஆளுதானா?"

"நான் ஒரு மாசம்தான்" என்றது வரவு. "எனக்குப் பின்னால தங்கச்சிங்க இருக்காங்க. எங்க வீட்டுல செலவு மாதிரி ஒரே நாள்ல கூட்டமா வர மாட்டோம். மாசத்துக்கு ஒருத்திதான் வருவோம். முதல்ல வாரவங்க என்னை மாதிரி ஒல்லியாத்தான் இருப்பாங்க. அந்தப் பிள்ளை மேல ரெண்டு வருஷம் படிச்சாத்தான் பின்னால வாரவங்க தேறுவாங்க. இல்லாததச் சொல்லித் தட்டுல ஏற எனக்கு மனசு வராது."

"எத்தனை வருஷத்துக்கு வருவீங்க?"

"அவ வேலை செய்யுத காலம் பூரா."

"ஜவுளிக்கடையிலயும் மாசா மாசம் ஒருத்தி வருவால்லா?" என்றார் ஐந்து கிலோக் கல்.

"வருவா" என்றது வரவு. "அவளவிட நாங்க எவ்வளவு கூடுதலோ அத மட்டும் நிறுங்க. போதும்."

அப்படியே நிறுத்தார்கள். மாதம் மாதமாக, கூடுதலை மட்டும். ஒரு வருஷத்து வரவுகள் ஏறின. இரண்டு வருஷம். நாலு வருஷம். வலத் தட்டு மெல்ல மெல்ல இறங்கி, ஏழாவது வருஷத்தில் முள் நேராக நின்றது.

கற்கள் எல்லாம் முள்ளையே பார்த்தன.

"இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றது தராசு. "ஏழு வருஷத்துல சமம். அதுக்கப்புறம் வாரது கூடுதல். முள்ள நேரா நிறுத்தத்தான் எனக்குத் தெரியும். தட்டத் தாழ வைக்கது ஊத்துத கை. அது என் வேலை இல்ல."

"இந்த முத்திரை இல்லாதவனுக்கு அந்தப் பிள்ளை மேல அப்படி என்ன கரிசனம்?" என்று கேட்டார் ஐந்து கிலோக் கல். குரலில் பழைய இளப்பம் இல்லை.

பாத்திரக்கல் சொன்னது: "உப்பளத்து மரியசெல்வத்தை ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது? உப்பளத்தில் வேலை பார்த்த ஆள். மாசிமாதம் ஒரு நாள் வந்து, எண்ணெய் கூடப் போய்விட்டது என்று கத்தினார். மறுவாரம் வந்து, குறைந்துவிட்டது என்று கத்தினார். மூன்றாம் வாரம் வாளியைத் தட்டிலேயே ஓங்கி வைத்தார். ஞானதுரை, "சண்டைக்காரன்யா நீரு, வேற கடையப் பாரும்" என்று சொல்லிவிட்டார்.

"அன்னைக்குச் சனிக்கிழமை" என்றது பாத்திரக்கல். "பிள்ளை கடையில நின்னா. நான் தட்டுல இருந்தேன், எல்லாத்தையும் பாத்தேன். அவ அவரக் கோவிக்கல. 'மாமா, இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அந்த மனுசன் வாய் தெறந்து பதில் சொல்ல முடியாம அழுதுட்டார். பெண்டாட்டி செத்து ஒன்றரை மாசமாம். அதுவரைக்கும் கடைக்கு வந்தது அந்த அம்மாதானாம். 'ஒரு ஆளுக்கு எவ்வளவு எண்ணெய் வேணும்னு எனக்குத் தெரியல தாயி'ன்னு சொன்னார். நாம எல்லாரும் அவர வாளியோட சேத்து நிறுத்துட்டோம் அண்ணாச்சி. அவதான் வாளியக் கழிச்சா. என் வேலைய ஒரு மனுசப்பிள்ளை செஞ்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்."

ஐந்து கிலோக் கல் தன் அடியில் கிடந்த தாளைக் குனிந்து பார்த்தார். பிறகு, "நாம பேசி என்ன? நம்ம பேச்சு அவருக்குக் கேக்கவா போவுது?" என்றார்.

"கேக்காது. ஆனா நான் இல்லைன்னா தெரியும்" என்றது பாத்திரக்கல்.

சொல்லிவிட்டுச் சிரட்டையிலிருந்து குதித்தது. பலகையில் ஓர் உருள், தரையில் ஓர் உருள். புண்ணாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டது.

"ஏல, கூட்டும்போது குப்பையோட சாக்கடைக்குப் போயிருவ" என்று பதறினார் ஐந்து கிலோக் கல்.

"போனாப் போறேன். முத்திரை வாங்கியா வந்தேன்?" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மூன்று மணிக்குக் கடையைத் திறந்தார்கள். ஞானதுரை சரியாகச் சாப்பிடவில்லை. கிரேஸ்மணி போய்க் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். பெனிட்டா ஒரு மூலையில் காலி டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த டின்னையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் தூக்குவாளியோடு வந்தாள். "அண்ணாச்சி, ஒரு கிலோ கடலையெண்ணெய். கொஞ்சம் சீக்கிரம். அடுப்புல குழம்பு கெடக்கு."

ஞானதுரை வாளியைத் தட்டில் வைத்தார். கை பழக்கத்தில் சிரட்டைக்குள் போயிற்று. எப்போதும் கைக்குத் தட்டுப்படும் கல் தட்டுப்படவில்லை. வேறு நாளாக இருந்தால் தேடியிருப்பார். அன்று கண் கடிகாரத்தின் பக்கமும் மனசு மகள் பக்கமும் இருந்தன. மறு தட்டில் ஒரு கிலோக் கல்லை நேராக எடுத்து வைத்து, வாளிக்குள் எண்ணெயை ஊற்றினார். முள் நேரானதும் வழக்கம்போல அரைக் கரண்டி கூட ஊற்றினார்.

சொர்ணம் வாளியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, என் தூக்கையும் எண்ணெய் வெலைக்கு எனக்கே விக்கேளா?"

"என்ன சொர்ணம்?"

"பாத்திரத்தக் கழிக்கலியே. இது என் கல்யாணச் சீர்ல வந்த தூக்கு. ஏற்கெனவே எங்க அப்பா காசு குடுத்துட்டார்."

கிரேஸ்மணி திடுக்கிட்டாள். முப்பது வருஷத்தில் அவர் கை இப்படித் தவறி அவள் பார்த்ததில்லை. ஞானதுரைக்கு முகம் சிவந்துபோயிற்று. "பொறுத்துக்க தாயி" என்று சொல்லி, எண்ணெயை மாற்றி, பொடிக்கற்களையும் ஒரு திருகாணியையும் போட்டு வாளியைச் சமமாக்கி, மறுபடி நிறுத்து, ஒரு முழுக் கரண்டி கூட ஊற்றிக் கொடுத்தார்.

"வயசாவுது அண்ணாச்சிக்கு. பாத்திரத்தையும் பண்டத்தையும் பிரிச்சுப் பாக்கத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே சொர்ணம் போனாள்.

ஞானதுரை அப்படியே நின்றார். கை இன்னும் சிரட்டைமேல் இருந்தது. பிறகு ஐந்து கிலோக் கல்லைத் தூக்கினார். அன்று அந்தக் கல் எப்போதையும்விட லேசாக வந்தது. தாளை எடுத்தார். நின்றபடியே வாசித்தார்.

"கிரேசு."

"சொல்லுங்க."

"இவ வீட்டுல இருந்தாச் சாப்பிட மாட்டாளா?"

கிரேஸ்மணி ஒரு நொடி யோசித்தாள். அவளுக்கும் பிடிபட்டது. "ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவா" என்றாள்.

"சோப்பு போட மாட்டாளா? தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாளா?"

"நம்ம கடை எண்ணெயத்தான் வைப்பா. அதுக்கும் நீங்க வெலை போட்டு எழுதியிருக்கீய."

ஞானதுரை பேனாவைத் திறந்தார். சாப்பாட்டில் வீட்டுச் சோற்றுக்கு ஆகிற காசைக் கழித்தார். உடுப்பில் பாதி, சோப்பு, எண்ணெய், ரீசார்ஜ் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார். நாலு லட்சம் இரண்டு லட்சத்து எண்பதாயிரமாக இறங்கியது. "ஊராரு வாளியெல்லாம் கழிச்சேன். என் பிள்ளை வாளியக் கழிக்கல பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெனிட்டா டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் அவள் அம்மா நினைத்தாள்.

"அப்பா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள். "ஜவுளிக்கடைச் சம்பளம். மாசம் எட்டாயிரம். மூணு வருஷத்துக்கு அதுவும் இல்லாமத்தானே போவுது. அதையும் எழுதுங்க."

ஞானதுரை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எதிரா நீயே எழுதச் சொல்லுதியே."

"எடைன்னா எடைதானேப்பா."

பலகையில் இருந்த ஐந்து கிலோக் கல்லுக்கு உடம்பு சிலிர்த்தது. இரும்புக்கு அப்படி ஆகுமா என்று கேட்டால், அன்று ஆயிற்று.

அவர் எழுதினார். செலவு ஐந்தரை லட்சத்தையும் தாண்டியது. பெனிட்டாவே மேலே சொன்னாள். "வேலைக்குப் போனதும் பதினஞ்சாயிரம். ஜவுளிக்கடையவிட ஏழாயிரம்தான் கூடுதல். போட்டது திரும்பி வர ஏழு வருஷம் ஆகும்பா. மேல ரெண்டு வருஷம் படிச்சாத்தான் சம்பளம் ஏறும். அதுக்கு நான் இடையில வேலை பாத்துச் சேத்துக்குவேன். உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"ஏழு வருஷம்" என்றார் ஞானதுரை.

"ஆமாப்பா."

"செக்குன்னா ரெண்டு வருஷம்."

"ஆமாப்பா."

மணி மூன்று நாற்பது. கடைக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போயிற்று. ஞானதுரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அது சரியான எடைதான். வாளியும் கழிந்திருந்தது. விட்டதும் சேர்ந்திருந்தது. ஏழு வருஷம் தாண்டினால் முள் நேராக நிற்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, துள்ளிக் குதிக்கவும் ஒன்றுமில்லை.

கிரேஸ்மணி கல்லாவை விட்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒண்ணு கேக்கேன். இந்த முப்பது வருஷத்துல, முள்ளு நேரா வந்ததும் நிறுத்தியிருக்கீயளா? யாருக்காவது?"

ஞானதுரை தாளிலிருந்து கண்ணை எடுத்துத் தராசைப் பார்த்தார்.

"கடன்காரன் வந்தாலும் அரைக் கரண்டி கூடத்தான் ஊத்துவீய. உங்களத் திட்டிட்டுப் போன ஆளுக்கும் ஊத்தினீய. சமமா நின்னா அது யாவாரம்பீய. தாழ நின்னாத்தான் நம்ம கடைம்பீய." அவள் மகளைப் பார்த்தாள். "இவ என்ன, ஊருக்கு வெளிய உள்ளவளா?"

ஞானதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"கட்டு."

"அப்பா?"

"நாலு மணிக்குள்ளன்னியே. நின்னுகிட்டே இருக்க. உன் போன்ல கட்டு. என் போனுக்குப் பேங்குல இருந்து ஒரு நம்பர் வரும், அத நான் சொல்லுதேன். கண்ணாடி போட்டாத்தான் தெரியும், இரு."

நம்பர் வந்தது. முதல் தடவை அவர் ஒன்றை ஏழு என்று வாசித்துவிட்டார். இரண்டாம் தடவை பெனிட்டா அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றித் தட்டிவிட்டாள். மூன்றாம் தடவை கிரேஸ்மணி போனை வாங்கி, ஒவ்வோர் எண்ணாக, வேதவசனம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மணி மூன்று ஐம்பத்தாறுக்குப் பணம் கட்டியாயிற்று என்று பச்சைக் குறி விழுந்தது.

பெனிட்டா அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் எண்ணெய். இரண்டு பேரும் விடவில்லை.

சாயந்தரம் புண்ணாக்கு மூட்டையை நகர்த்திக் கூட்டும்போது கிரேஸ்மணியின் விளக்குமாற்றில் ஏதோ தடுத்தது. குனிந்து எடுத்தாள். முந்தானையில் துடைத்துச் சிரட்டையில் போட்டாள். "எங்கல போன நீ, நேரங்கெட்ட நேரத்துல?" என்று அதைக் கேட்டாள்.

ஐந்து கிலோக் கல் அதற்குப் பிறகு பாத்திரக்கல்லை ஏல என்று கூப்பிடவில்லை.

வருஷங்கள் போயின. செலவு சொன்னபடி கூட்டமாக வந்தது, வாங்கிக்கொண்டு போயிற்று. பெனிட்டா மூன்று வருஷம் படித்தாள். ஒரு பள்ளியில் வேலை பார்த்துச் சேர்த்து, மேலே இரண்டு வருஷமும் படித்தாள். அதற்கப்புறம் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகராக வேலை கிடைத்தது. அவள் அறைக் கதவில் அவள் பெயரைப் போட்டு ஒரு பலகை மாட்டினார்கள். ஞானதுரை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த மருத்துவமனைக்கு எந்தப் பஸ் போகும் என்று அவர்கள் கேட்காமலே வழி சொன்னார்.

வரவும் சொன்னபடிதான் வந்தது. கூட்டமாக இல்லை, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. முதலில் வந்தவர்கள் ஒல்லிதான். பின்னால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் சதை வைத்திருந்தது. ஒருத்திகூட மாசம் தப்பவில்லை. ஏழாம் வருஷம் என்று சொன்ன கணக்கு, மேல்படிப்பால் இரண்டு வருஷம் தள்ளித்தான் போயிற்று. ஆனால் போனது வந்தது. வந்தபிறகும் வந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் கடைக்கு இரண்டாவது செக்கும் வந்தது. அதற்கு முன்பணம் கட்டியது யார் என்று ஞானதுரை யாரிடமும் சொல்லவில்லை. சொர்ணத்திடம் மட்டும்தான் சொன்னார். அதனால் ஊருக்கே தெரிந்திருந்தது.

புதுச் செக்கு ஓட ஆரம்பித்த அன்று பெனிட்டா ஊருக்கு வந்திருந்தாள். மரியசெல்வமும் வந்திருந்தார், ஒரு ஆளுக்குரிய எண்ணெய் வாங்க. "எங்க டாக்டரம்மா எப்ப வந்தீய?" என்றார். "டாக்டர் இல்ல மாமா" என்று அவள் நூறாவது தடவையாகச் சொன்னாள். அவர் நூறாவது தடவையாக அதைக் காதில் வாங்கவில்லை.

கிளம்பும்போது அவள் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சிரட்டைக்குள் கையை விட்டுப் பாத்திரக்கல்லை எடுத்தாள். இத்தனை வருஷ எண்ணெயில் அது கறுத்து மினுமினுத்தது.

"அப்பா, இத நான் எடுத்துக்கட்டுமா?"

"அந்தக் கல்லையா? அதுல முத்திரைகூடக் கெடையாது. ஆஸ்பத்திரியில அத வச்சு என்ன செய்யப் போற?"

"மேசையில வச்சுக்குவேம்பா" என்றாள் பெனிட்டா. "என்கிட்ட வாரவங்க எல்லாரும் பாத்திரத்தோடதான் வாராங்க."